பூமியைப் படித்த கொல்லர் மகன்

வரைபடம் என்றதும் ஆறுகளும் மலைகளும் சாலைகளும் மாநில எல்லைகளும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால், நம் காலுக்கடியில் கிடக்கும் பாறைகளுக்கும் வரைபடம் உண்டு. ஈயமோ நிலக்கரியோ எங்கே கிடைக்கும், அணை கட்ட எந்த இடம் தாங்கும், குன்றின் சரிவில் அடுக்குமாடி வீடு எழுப்பலாமா கூடாதா என்ற கேள்விகள் எழும்போது விரித்துப் பார்க்க வேண்டியது அந்த நிலவியல் வரைபடத்தைத்தான்.

இன்று அதை உருவாக்க அரசாங்கத் துறைகளும் ஆய்வுக் கூடங்களும் செயற்கைக்கோள்களும் இருக்கின்றன. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாடு முழுவதன் பாறைகளையும் வண்ணம் தீட்டிக் காட்டிய முதல் பெரிய வரைபடத்தை ஒரே மனிதர் உருவாக்கினார். அதற்காக அவர் நடந்தும் குதிரையேறியும் கோச்சு வண்டியில் தொற்றிக்கொண்டும் ஊர் ஊராக அலைந்தார். அவர் பெயர் வில்லியம் ஸ்மித். பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர். செல்வர் வீட்டுப் பிள்ளையும் அல்லர். வரைபடம் வெளிவந்த நான்காம் ஆண்டில் அவர் கடனாளியாகச் சிறைக்குச் சென்றார். அதன் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அவரை உறுப்பினராகக்கூட அழைக்காத கழகமே தன் உயரிய பதக்கத்தை முதன்முதலாக அவருக்கு அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொள்வது பட்டம் பெறப் போகும் நமக்கு மிகவும் பயன்படும்.

வெண்ணெய் நிறுத்த கல்

வில்லியம் ஸ்மித் 1769-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள், இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் வட்டாரத்திலுள்ள சர்ச்சில் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை இரும்பு அடிக்கும் கொல்லர். ஸ்மித்திற்கு எட்டு வயதாகும்போது அவர் இறந்துவிட்டார். அதன் பிறகு சிறுவனை வளர்த்தவர் உழவுத் தொழில் செய்த அவனுடைய பெரிய தகப்பனார் வீட்டார். கிராமத்துப் பள்ளிக்கூடத்தோடு படிப்பு முடிந்தது.

அந்த ஊர் வயல்களில் உருண்டையான கற்கள் நிறையக் கிடைத்தன. பால் கறந்து வெண்ணெய் எடுக்கும் பெண்கள் அவற்றில் ஏறத்தாழ ஒரே அளவானவற்றைப் பொறுக்கி, தராசில் எடைக்கல்லாக வைத்துக்கொண்டார்கள். சிறுவர்கள் சிறிய கற்களைக் கோலிக் குண்டாக்கி விளையாடினார்கள். உண்மையில் எடைக்கற்களாக இருந்தவை பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்து கல்லாகிப்போன கடல் முள்ளெலிகள். கோலிக் குண்டுகளோ கல்லாகிப்போன சிப்பி போன்ற உயிர்கள். இப்படிப்பட்டவற்றையே நாம் புதைபடிவங்கள் என்கிறோம். கடலுக்கு வெகு தொலைவிலுள்ள ஒரு வயலில் கடல் உயிர்கள் எப்படி வந்தன என்று கேட்டவர் அந்த ஊரில் அதிகமில்லை. ஸ்மித் அவற்றைச் சேர்த்து வைத்தான்.

நில அளவை பற்றிய ஒரு நூலைத் தேடிப் பிடித்துத் தானே கணக்குப் படித்தான். 1787-ஆம் ஆண்டு, பதினெட்டு வயதில், எட்வர்ட் வெப் என்ற நில அளவையாளரிடம் உதவியாளராகச் சேர்ந்தான். சங்கிலி பிடிக்கும் வேலையில் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே தனியாக அனுப்பத்தக்க அளவுக்குத் தேர்ந்தான்.

சுரங்கத் தொழிலாளர்கள் நடத்திய பாடம்

1791-இல் வெப் அவரைச் சோமர்செட் வட்டாரத்திற்கு அனுப்பினார். அங்கே நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. மறு ஆண்டு, ஹை லிட்டில்டன் என்ற ஊரில் மெர்ன்ஸ் சுரங்கத்தை அளக்கும் வேலை ஸ்மித்துக்குக் கிடைத்தது. செங்குத்தான குழிக்குள் கயிற்றைப் பற்றிக்கொண்டு இறங்க வேண்டும். வெளிச்சத்திற்கு மெழுகுவர்த்தி மட்டுமே.

ஸ்மித்தின் பல்கலைக்கழகம் அந்தக் குழிதான். நிலக்கரி வெட்டும் தொழிலாளர்களுக்கு ஓர் உண்மை தெரிந்திருந்தது. இன்ன களிப்பாறைக்குக் கீழே இன்ன மணற்பாறை வரும், அதற்குக் கீழே இன்ன கரி அடுக்கு வரும் என்று அவர்கள் வரிசை மாறாமல் சொன்னார்கள். பக்கத்துச் சுரங்கத்திலும் அதே வரிசை. ஒவ்வோர் அடுக்குக்கும் அவர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பலர் அந்த வரிசையை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். அவர்கள் பிழைப்பே அதில் இருந்தது.

நிலக்கரிக்கு மேலே சிவந்த களிப்பாறை ஒன்று படுத்துக் கிடந்தது. அதற்கு மேலே உள்ள பாறைகளில் ஒழுங்கு எதுவும் இல்லை என்பது தொழிலாளர்களின் எண்ணம். ஸ்மித் இங்கேதான் அவர்களைவிட ஓரடி முன்னால் வைத்தார். கீழே இவ்வளவு ஒழுங்கு இருக்கும்போது மேலே மட்டும் எப்படி ஒழுங்கில்லாமல் போகும்? நாடு முழுவதும் பாறைகள் ஒரு வரிசைப்படிதான் அடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அவர் ஐயுற்றார். ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு வாய்ப்பு விரைவில் வந்தது.

கால்வாய் காட்டிய வழி

அக்காலத்தில் நிலக்கரியைச் சந்தைக்குக் கொண்டுசெல்லச் சிறந்த வழி படகுதான். ஆகவே சுரங்க முதலாளிகள் சேர்ந்து சோமர்செட் நிலக்கரிக் கால்வாயை வெட்டத் திட்டமிட்டார்கள். 1793-இல் அதற்கான அளவை வேலை ஸ்மித்திடம் வந்தது. கால்வாய் வெட்டுபவர் பாறையை அறிந்திருக்க வேண்டும். சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் வழியாகத் தண்ணீர் கசிந்து ஓடிவிடும். களிமண்ணோ தண்ணீரைத் தாங்கும்.

1794-இல் கால்வாய்க் குழுவினர் இருவருடன் அவர் வட இங்கிலாந்துக்குச் சென்று திரும்பினார். ஏறத்தாழ 900 மைல் பயணம். மற்ற இருவரும் கால்வாய்களையும் சுரங்கங்களையும் பார்வையிட, ஸ்மித் வண்டியிலிருந்தபடியே குன்றுகளின் வடிவத்தையும் மண்ணின் நிறத்தையும் பார்த்துக்கொண்டு வந்தார். சோமர்செட்டில் கண்ட பாறைகள் வேறு வட்டாரங்களிலும் அதே வரிசையில் தலைகாட்டின. அவை சமமாகப் படுத்திருக்கவில்லை. கிழக்கு நோக்கிச் சாய்ந்திருந்தன. தட்டில் சரித்து அடுக்கிய ரொட்டித் துண்டுகளுக்கு அவர் இதை ஒப்பிட்டதுண்டு. ஒவ்வொரு துண்டின் விளிம்பும் சிறிது வெளியே தெரிவதுபோல, ஒவ்வொரு பாறை அடுக்கின் விளிம்பும் தரையில் ஒரு பட்டையாகத் தெரிகிறது. அந்தப் பட்டைகளை வரைந்துவிட்டால் நாட்டின் அடிவயிறு தெரிந்துவிடும்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு களிமண் அடுக்கும் அதற்கு வெகு மேலேயுள்ள இன்னொரு களிமண் அடுக்கும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எது எது என்று எப்படிப் பிரிப்பது? இதற்கு விடையாக வந்து நின்றவை சிறு வயதில் பொறுக்கிய அதே கற்கள்தான். வேலையாள்கள் கால்வாய்க்காக மண்ணை வெட்டி எறிய எறிய, ஒவ்வோர் அடுக்கிலும் அதற்கே உரிய புதைபடிவங்கள் இருப்பதை ஸ்மித் கண்டார். பாறை ஒன்றுபோல இருந்தாலும் அதனுள் புதைந்த உயிர்கள் வேறுபட்டன. 1796 ஜனவரியில், டங்கர்டன் என்ற ஊரிலுள்ள விடுதியில் தங்கியிருந்தபோது, இந்தக் கருத்தை அவர் ஒரு தாளில் குறித்து வைத்தார். இன்று உலகெங்கும் நிலவியல் மாணவர்கள் முதலாண்டிலேயே கற்கும் பாடம் அது. எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்கள்கூடத் துளையிலிருந்து வெளிவரும் நுண்ணிய புதைபடிவங்களைப் பார்த்து, தாங்கள் எந்த அடுக்கில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்கிறார்கள்.

வாயால் சொல்லி எழுதிய பட்டியல்

1799-இல் கால்வாய் நிறுவனம் ஸ்மித்தை வேலையிலிருந்து நீக்கியது. அதே ஆண்டில்தான் அவருக்கு இரண்டு நல்ல நண்பர்கள் துணை நின்றார்கள். இருவரும் கற்றறிந்த சமயகுருமார்கள். ஒருவர் பெஞ்சமின் ரிச்சர்ட்சன்; மற்றவர் ஜோசஃப் டவுன்சென்ட்.

ரிச்சர்ட்சனிடம் அழகான புதைபடிவத் தொகுப்பு ஒன்று இருந்தது. ஆனால் எது எந்தப் பாறையிலிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியாது. ஸ்மித் அந்தத் தொகுப்பை எடுத்து, இது இன்ன அடுக்கு, அது இன்ன அடுக்கு என்று பாறை வரிசைப்படி மாற்றி அடுக்கிக் காட்டினார். ரிச்சர்ட்சன் வியந்துபோனார். அந்த ஜூன் மாதத்தில், பாத் நகரில் டவுன்சென்ட் வீட்டில் மூவரும் கூடினார்கள். ஸ்மித் சொல்லச் சொல்ல, ரிச்சர்ட்சன் எழுதினார். மேலே வெண்சுண்ணப் பாறையில் தொடங்கிக் கீழே நிலக்கரி வரை 23 அடுக்குகள். அவற்றில் கிடைக்கும் புதைபடிவங்கள். ஸ்மித்தின் கண்டுபிடிப்பு முழுமையான பட்டியலாகத் தாளில் ஏறியது அன்றுதான். அதை எழுதியது இன்னொருவர் கை.

அந்தப் பட்டியலின் படிகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் தாராளமாகக் கொடுத்தார்கள். ஸ்மித் எதையும் மறைத்து வைக்கவில்லை. ஆனால் அவர் அதை நூலாக வெளியிடவும் இல்லை. 1801-இல் நூல் வரப்போவதாக அறிவிப்பு மட்டும் வந்தது. பதிப்பாளர் நொடித்துப்போகவே அது நின்றுபோனது. அதன் பிறகும் ஆண்டுகள் ஓடின. வயிற்றுப்பாட்டுக்காக அவர் சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டினார், பண்ணைகளுக்குப் பாசனம் அமைத்தார், 1810-இல் பாத் நகர வெந்நீர் ஊற்று தடைப்பட்டபோது அதைச் சரிசெய்தார். போன இடமெல்லாம் பாறையைக் குறித்துக்கொண்டார். எழுதத்தான் அவருக்கு நேரமில்லை.

பதினைந்து தாள்கள்

1815-ஆம் ஆண்டு, ஜான் கேரி என்ற வரைபடப் பதிப்பாளரின் துணையோடு ஸ்மித்தின் வரைபடம் வெளிவந்தது. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தின் ஒரு பகுதி ஆகியவை அதில் அடங்கும். ஐந்து மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில், 15 தாள்களில் அச்சானது. ஒன்றாகச் சேர்த்து ஒட்டினால் உயரம் எட்டரை அடி, அகலம் ஆறடி. வண்ணம் முழுவதும் கையால் தீட்டப்பட்டது. ஒவ்வோர் அடுக்கின் அடிப்பகுதியிலும் வண்ணம் அழுத்தமாகவும், போகப் போக வெளிறியும் இருக்கும். அதனால் எந்த அடுக்கு எதன்மேல் படுத்திருக்கிறது என்பது ஒரே பார்வையில் புரிந்துவிடும். சுமார் 400 படிகள் தயாரானதாகக் கணக்கிடுகிறார்கள்.

இதன் பயன் ஏட்டளவில் நிற்கவில்லை. அக்காலத்தில் நிலக்கரி இல்லாத இடத்தில், கறுப்பாகத் தெரிந்த களிப்பாறையை நம்பிக் குழி தோண்டிப் பணத்தை இழந்த நிலக்கிழார்கள் பலர். அந்த அடுக்கு நிலக்கரிக்கு மிக மேலே இருப்பது; அங்கே தோண்டுவது வீண் என்று வரைபடத்தைப் பார்த்தே சொல்ல முடிந்தது.

கனவான்களின் கழகம்

1807-இல் லண்டனில் நிலவியல் கழகம் ஒன்று தொடங்கப்பட்டது. அதன் தொடக்க உறுப்பினர்கள் பெரும்பாலும் வசதியும் ஓய்வும் உள்ள கனவான்கள். கூலிக்கு நிலம் அளக்கும் கொல்லர் மகனை அவர்கள் உறுப்பினராக அழைக்கவில்லை. கழகத்தின் முதல் தலைவர் ஜார்ஜ் பெல்லாஸ் கிரீனோ. 1808-இல் அவரும் கழகத்தாரும் லண்டனில் ஸ்மித்தின் வீட்டிற்கு வந்து, அவருடைய புதைபடிவத் தொகுப்பைப் பார்த்துவிட்டுச் சென்றார்கள். பிறகு தாங்களே ஒரு நிலவியல் வரைபடம் செய்யத் தொடங்கினார்கள். கிரீனோவின் பெயரில் அது 1820-இல் விற்பனைக்கு வந்தது. ஸ்மித்தின் உழைப்பைப் பெரிதும் தழுவியிருந்த அந்த வரைபடம் ஸ்மித்தின் வரைபடத்தைவிட மலிவாகவும் கிடைத்தது.

அதற்குள் ஸ்மித்தின் வீடு சரிந்துவிட்டது. பாத் நகருக்கு அருகே அவர் அடமானக் கடனில் நிலம் வாங்கி, கல்வெட்டுக் குழி தொடங்கியிருந்தார். அந்தக் கல் தரமாக அமையவில்லை, தொழில் படுத்தது. பாறையை அவரைப் போல அறிந்தவர் நாட்டில் இல்லை. ஆனால் பாறையை அறிவது வேறு, கல்லை விற்றுக் காசாக்குவது வேறு. மனைவி மேரி ஆனின் மனநலமும் குன்றியது. கடனை அடைக்க, 2,000-க்கும் மேற்பட்ட புதைபடிவங்களைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு விற்றார். வாழ்நாள் முழுவதும் சேர்த்தவற்றுக்கு அவர் எதிர்பார்த்த விலை வரவில்லை.

1819 ஜூன் மாதம் அவர் லண்டன் கிங்ஸ் பெஞ்ச் கடனாளிச் சிறையில் அடைக்கப்பட்டார். ஆகஸ்டு 31-ஆம் நாள் வெளியே வந்தபோது வீடும் உடைமைகளும் கையைவிட்டுப் போயிருந்தன. ஐம்பது வயதில், மனைவியோடும் சகோதரி மகனோடும் அவர் வட இங்கிலாந்துக்குப் புறப்பட்டார்.

தாய்மாமனும் மருமகனும்

அந்தச் சகோதரி மகன் ஜான் ஃபிலிப்ஸ். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவன். தாய்மாமன் என்ற உறவு நமக்கு எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்மித் அந்த உறவுக்கு உரியவராகவே நடந்துகொண்டார். கையில் காசில்லாத நாள்களிலும் அவனை உடன் வைத்துக்கொண்டு, பாறை படிக்கக் கற்றுக்கொடுத்தார். இருவரும் யார்க்ஷயர் எங்கும் நடந்து அளவை வேலை செய்தார்கள். நகரங்களில் நிலவியல் சொற்பொழிவுகள் ஆற்றினார்கள்.

1828-இல் சர் ஜான் ஜான்ஸ்டன் என்ற நிலக்கிழார், ஹேக்னஸ் என்ற ஊரில் தம் நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஸ்மித்துக்குக் கொடுத்தார். மறு ஆண்டு, பக்கத்திலிருந்த ஸ்கார்பரோ நகரில் வட்ட வடிவில் ஓர் அருங்காட்சியகம் எழுந்தது. பாறை அடுக்கின் வரிசைப்படியே புதைபடிவங்களை வைக்க வேண்டும் என்ற ஸ்மித்தின் யோசனை அதன் அமைப்பிலேயே இருந்தது.

இதற்கிடையே நிலவியல் கழகத்தில் புதிய தலைமுறை வந்துவிட்டது. வெளியே இறங்கிப் பாறையைப் பார்த்தவர்கள், ஸ்மித் சொன்னது எவ்வளவு சரி என்று தாங்களே கண்டார்கள். 1831-இல் கழகத்தின் தலைவராக இருந்தவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆடம் செட்ஜ்விக். புதிதாக ஏற்படுத்தப்பட்ட வொலாஸ்டன் பதக்கத்தை முதலில் ஸ்மித்துக்கே அறிவித்த அவர், ஆங்கிலேய நிலவியலின் தந்தை ஸ்மித்தான் என்று கழகத்தாரின் முன்னிலையில் எடுத்துரைத்தார். 1799-இல் ரிச்சர்ட்சன் கைப்பட எழுதிய அந்தப் பட்டியல் அவ்வாண்டே கழகத்தின் காப்பகத்தில் சேர்ந்தது. யார் முந்தியவர் என்ற கேள்விக்கு அந்தத் தாளே சாட்சி.

1832-இல் அரசு அவருக்கு ஆண்டுக்கு 100 பவுன் ஓய்வூதியம் வழங்கியது. 1835-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1838-இல், லண்டனில் புதிதாகக் கட்டவிருந்த நாடாளுமன்றத்திற்குக் கல் தேர்ந்தெடுக்கும் குழுவில் அவரையும் சேர்த்தார்கள். மறு ஆண்டு, அறிவியல் மாநாடு ஒன்றுக்குப் போகும் வழியில் நார்த்தாம்டன் நகரில் தங்கியவர், ஆகஸ்டு 28-ஆம் நாள் அங்கேயே காலமானார். வயது 70. ஜான் ஃபிலிப்ஸ் பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நிலவியல் பேராசிரியரானார். 1844-இல் தம் மாமாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். 1865-இல் கிரீனோ வரைபடத்தின் புதிய பதிப்பு வந்தபோது, அது ஸ்மித்தின் வரைபடத்தை அடிப்படையாகக் கொண்டது என்ற குறிப்பு ஒருவழியாக அதில் இடம்பெற்றது. இருவருமே அப்போது உயிரோடு இல்லை.

எழுதத் தெரிந்தவர்களின் கடன்

நம் நாட்டிலும் இந்த அறிவியலுக்கு ஒரு வரலாறு உண்டு. ஈயத்தின் பொருட்டு, 1903-இல் ஸ்கிரிவனர் என்ற ஆங்கிலேயர் கூட்டு மலாய் மாநிலங்களின் நிலவியலாளராக நியமிக்கப்பட்டார். அவர் வருவதற்கு முன்பே கிந்தா பள்ளத்தாக்கில் மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்து ஈயம் உண்டா இல்லையா என்று சொல்லக்கூடிய மலாய்க்காரர்களும் சீனர்களும் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஈயக் குட்டைகளோடு இது நின்றுவிடவில்லை. என் தாத்தா தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியற்காலைக் குளிரையும் பட்டையின் ஈரத்தையும் வைத்தே அன்று எவ்வளவு பால் இறங்கும் என்று சொல்வார். பெரும்பாலும் அது தப்பாது. அவர் நிரையில் பெற்ற அறிவு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. இப்படிப்பட்ட தாத்தாவோ பாட்டியோ நம்மில் பலருக்கு இருந்திருப்பார்கள்.

ஸ்மித் காலம் தாழ்த்தியது தவறுதான் என்று சிலர் சொல்லலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எழுதுவதற்கு ஓய்வு வேண்டும். ஓய்வுக்குப் பணம் வேண்டும். அது கிரீனோவிடம் இருந்தது, ஸ்மித்திடம் இல்லை. அவருடைய வாழ்க்கையில் எழுதத் தெரிந்த இரண்டு வகை மனிதர்கள் வந்தார்கள். ஒரு வகையினர் அவருடைய அறிவை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிட்டார்கள். ரிச்சர்ட்சனைப் போன்ற இன்னொரு வகையினர், அவர் சொன்னதை எழுதி, அவர் பெயரையும் சேர்த்து எழுதினார்கள். 1813-இல் டவுன்சென்ட் தம் நூலில் ஸ்மித்தின் கண்டுபிடிப்புகளை வெளியிட்டபோது, அவை யாருடையவை என்பதை மறைக்கவில்லை. ஸ்மித்தின் பெயர் நம் காலம் வரை நிலைத்ததற்கு இவர்களும் காரணம்.

நண்பர்களே, நம்மில் பலர் நம் குடும்பத்தில் பல்கலைக்கழகத்திற்கு வந்த முதல் தலைமுறையினர். இறுதியாண்டு ஆய்வேட்டுக்காகத் தோட்டத்திற்கும் தொழிற்சாலைக்கும் மீனவக் கிராமத்திற்கும் போகிறோம். அங்கே தொழில் தெரிந்தவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி, மதிப்பெண் வாங்குகிறோம். அவர்களின் பெயரையும், அவர்கள் விரும்பினால், அந்த ஏட்டில் எழுதி வைப்போம். ஆய்வேடு முடிந்ததும் ஒரு படியை அவர்கள் வீட்டிலும் கொண்டுபோய்க் கொடுப்போம்.

நிலவியல் கழகத்தின் லண்டன் மாளிகையில் இன்று ஸ்மித்தின் வரைபடமும் கிரீனோவின் வரைபடமும் இடம்பெற்றிருக்கின்றன. பார்ப்பவர்கள் முதலில் தேடிப் போவது கொல்லர் மகனின் வரைபடத்தைத்தான்.